குனிந்து எண்ணும் காவலாளி அம்மா

மௌலா அலியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு காவலாளி அம்மா இருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஊர் உருது கலக்கும். புடவைமேல் காக்கிச் சட்டை, கழுத்தில் சிலுவை. காலையில் ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர் என்று குனிந்து எண்ணிவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

ஒருநாள் என் காருக்குக் கேட் திறக்கவில்லை.

"ஒத்த ஆளுக்கு இவ்ளோ பெரிய வண்டி கைக்கு சார், எதுக்கு? பின்னாடி வண்டியில நிக்கிற மூணாவது மாடி சாரும் உங்க ஆபீஸ் பக்கம்தான் போறாரு. ஏத்திக்குங்க."

பார்க்கிங் தகராறில் நானும் அவரும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. "அவரையா? நக்கோம்மா, வேணவே வேணாம்!" என்று நானும் அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"நீங்க பேசவே வேணாம் சார். ஒரு வண்டிப் புகை குறைஞ்சா போதும். நாள் பூரா அதை முழுங்குறது நான்தானே?"

அந்த அம்மா பின்னால் நின்ற காருக்குப் போனார். மூன்றாவது மாடிக்காரரிடம் தெலுங்கில் என்ன சொன்னாரோ, அவர் தன் காரைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தார்நாக்கா வந்தது. சிக்னலில் அவர்தான் முதலில், "அந்த அம்மாவுக்கு ரொம்பத் திமிர்" என்று ஆரம்பித்தார். நான் உற்சாகமாக ஆமோதித்தேன்.

பிறகு அந்த அம்மா வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் இன்னும் ஒரே காரில்தான் போகிறோம். அந்த அம்மாவைத் திட்டத் தொடங்கினால் ஆபீஸ் வந்துவிடுகிறது.