மெழுகு போட்ட நாற்காலி

அம்மா இறந்து ஒரு வருடம் முடிவதற்குள் அப்பாவுக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். பெண்ணின் அண்ணன் கோத்தகிரியிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. விருந்தாளி வந்தால் தின்ன வர்க்கி கிடைக்கும் என்பது மட்டும் தெரியும்.

வீட்டைச் சீர்படுத்த லவ்டேலிலிருந்து அத்தை வந்தாள், டர்பன்டைனும் ஒரு கட்டித் தேன்மெழுகுமாக. மாமா தச்சு வேலை செய்பவர். அவர் வித்தையில் பாதி அத்தையின் கைக்கு வந்திருந்தது. வாய் அவளுடைய சொந்தச் சொத்து. “ஏனுங்கண்ணா, இது ஊடா, கரி குடோனா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள்.

எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் பெருமைப்பட ஒரே பொருள்தான் உண்டு. வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது விற்றுவிட்டுப் போன தேக்கு நாற்காலி. கடைசி மாதங்களில் அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். இரவும் பகலும் அதில்தான் சாய்ந்திருந்தாள். அவள் தலை பட்ட இடத்தில் எண்ணெய் இறங்கி, சாய்மானத்தில் கறுப்பாக ஒரு கறை விழுந்திருந்தது. அப்பா பேக்டரியிலிருந்து வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அதில் உட்கார்ந்து, அந்தக் கறையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். அசதி என்று நினைத்தேன்.

அத்தை மெழுகைச் சீவி டப்பாவில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்து உருக்கினாள். டர்பன்டைனை மட்டும் வாசலுக்குக் கொண்டுபோய்க் கலந்தாள். “பொறி பட்டா ஊடே போயிரும் அம்மிணி, தள்ளி நில்லு.” ஆறியதும் நெய்போல உறைந்தது. முதலில் டர்பன்டைன் துணியால் அழுக்கெடுத்து, பிறகு மெழுகு தடவி, காய்ந்ததும் கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும். அந்த மூடுபனியில் எதுதான் காயும்? கணப்புச் சட்டியை எட்ட வைத்துக் காத்திருந்தோம்.

நாற்காலியின் கால், கை எல்லாம் முடித்த அத்தை சாய்மானத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். “அத அப்படியே உடு அம்மிணி. துண்டு போட்டு மூடிக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போனாள். அங்கே வரிசை நின்றால் சீக்கிரம் திரும்ப முடியாது. ஊரையே குறை சொல்லும் அத்தைக்குச் சோம்பல் வந்துவிட்டதென்று எனக்கு ஒரே குஷி. கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். கறை துணிக்கு வந்தது. துணியைக் கணப்பில் போட்டேன், குப்பென்று எரிந்து போயிற்று. பிறகு பாடிக்கொண்டே மெழுகு போட்டேன்.

திரும்பி வந்த அத்தை குடத்தை இறக்காமலே நின்றாள். “என்ன காரியம் பண்ணீட்ட அம்மிணி” என்றாள். அவளுக்கு அவ்வளவு சின்னக் குரலும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. திட்டு விழாததால் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து நாற்காலி முன்னால் நின்றார். குனிந்து சாய்மானத்தை முகர்ந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்லா இருக்குதுங்களாப்பா? நாந்தான் தேச்சேன்.”

“நல்லா இருக்குது சாமி” என்று என் தலையைத் தடவினார்.

பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். மறுநாளும் தரைதான். கோத்தகிரிக்காரர் அந்த நாற்காலியில் சாய்ந்து வர்க்கி தின்றுவிட்டுப் போன பிறகும் தரைதான். நான் போட்ட பளபளப்பு கெட்டுவிடக் கூடாதென்றுதான் அப்பா அதில் உட்காருவதே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.