பொட்டு வைத்த சாவி

விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மின் அறைக்கு நான் பொறுப்பாளன். அங்கே உயிரைக் காப்பது ஒரே ஒரு பித்தளைச் சாவி. மெயின் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை அது தன் பூட்டை விட்டு வராது. அணைத்தால்தான் கழலும், அதைக் கொண்டுபோய்த்தான் பின்பக்கப் பேனல் கதவைத் திறக்க முடியும். ஆகவே கதவு திறந்திருந்தால் உள்ளே மின்சாரம் இல்லை. மனிதனின் கவனத்தை நம்பாத ஏற்பாடு என்பதால் எனக்கு அதன்மீது மரியாதை அதிகம். பக்தியை மட்டும் அது எதிர்பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று ஸ்பேனர், குறடு, டெஸ்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்காரும். இந்தச் சாவியை எடுத்தால் ஆலை நின்றுவிடும் என்பதால் அதற்கு மட்டும் பூஜை கிடையாது. மணமேல்குடிக்காரரான எங்கள் ஆபரேட்டருக்கு இது பெரிய மனக்குறை. பராமரிப்புக்காக ஆலை நின்றிருந்த ஒரு நாளில், நான் விடுப்பில் இருந்த நேரம், சாவிக் கடையில் கொடுத்து இன்னொன்று வெட்டி வாங்கிவிட்டார். நான் திரும்பி வந்தபோது, அது பொட்டோடு சாமி படத்தருகே தொங்கியது.

“இத ஒடைச்சுப் போடுங்க” என்றேன்.

“சாமிகிட்ட வச்சத ஒடைக்கச் சொல்றீங்களே சார்! வீட்டு அருவாமனைக்கே பொட்டு வக்கிறோம். உசுரக் காக்குற சாவி என்ன பாவம் பண்ணுச்சு?”

மேலாளரிடம் போனேன். “விடுங்க சார். ஒங்களுக்கு ரூல்தான் சாமி, அவருக்கு வேற சாமி” என்று சிரித்தார். எழுதியும் கொடுத்தேன். சாவி அங்கேயே தொங்கியது.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் பேனலுக்குள் தண்ணீர் சொட்டியது. ஆலையை நிறுத்தினால் மேலாளர் குதிப்பார். ஆபரேட்டர் படத்தருகே இருந்த சாவியை எடுத்து, மெயினை அணைக்காமலே கதவைத் திறந்து, துடைக்கத் துணியை நீட்டினார். உயரழுத்த மின்சாரத்தைத் தொட வேண்டியதில்லை. கிட்டே போனாலே போதும்.

வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் “தொடவே இல்ல சார்” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணையில் என் நடைமுறைகள் அனைத்தும் சரி என்று முடிவானது. அப்படிச் சரியாக இருந்து யாருக்கு என்ன பயன் என்று எவரும் கேட்கவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி இரண்டு இலை போட்டு மீன் குழம்பு எடுத்து வந்தார். ஆபரேட்டர் உட்காரவில்லை.

“நீங்க சாப்பிடுங்க சார். நான் அப்பறம்…”

“ஒக்காருங்க. என்கிட்ட என்ன?”

“வேணாம் சார். எடது கையால அள்ளித் திங்கிறத நீங்க பாக்க வேணாம்.”

உள்ளே போய்விட்டார். அவர் மனைவி இரண்டாவது இலையை மடித்தார். அடுத்த அறையிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“சாருக்கு நடுத்துண்டா வையி. வெறும் கொழம்பா ஊத்தாத.”