நடுக்குளத்தில் நின்ற கப்பல்

அப்பா கப்பல் வேலையிலிருந்து திரும்பி வந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலில் அவருக்கு எஞ்சின் ரூமில் வேலை. கப்பலின் முதலாளி அதை அப்படியே கைவிட்டுவிட, ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அப்பாவும் மற்ற ஆள்களும் பதினொரு மாதம் நங்கூரம் போட்டபடி கிடந்தார்கள். இறங்க அனுமதியில்லை. போனில் சார்ஜ் இருக்கிற நாள்களில் பேசுவார், அதுவும் பாதியில் அறுந்துபோகும். அறுந்த பிறகும் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பாள்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே பெட்டியைப் பிரிப்பார்கள். மறுநாள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். அப்பா தோப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். அம்மா எங்களிடம், "அப்பாவத் தொந்தரவு பண்ணாதீங்க, அலுப்பா இருக்காங்க" என்றாள். மூன்று வாரமாகத் தீராத அலுப்பு என்ன அலுப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவரைப் பேச வைக்க, பத்தாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு வழி யோசித்தான். ரிமோட்டில் ஓடுகிற கப்பல் ஒன்று செய்து அவர் முன்னால் ஓட்டிக் காட்டுவது. அதைப் பார்த்தால் அவர் ஏதாவது குறை சொல்வார், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பது அவன் கணக்கு.

எங்களிடம் சக்கரம் போன பொம்மைக் கார் ஒன்று இருந்தது. அதன் ரிமோட் மாமாவின் பைக்குக்கு அடியில் நசுங்கிப்போயிருந்தாலும் உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு பிழைத்திருந்தது. அண்ணன் அதற்குப் புது உடம்பு செய்தான். நாலு காலிங் பெல் சுவிட்ச், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏரியல், எல்லாவற்றையும் அடைக்க என்னுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. நாலடி தள்ளி வைத்தால் மோட்டார் அசையவில்லை. ஏரியலின் அடிப்பகுதி எவர்சில்வரில் உரசிக்கொண்டிருந்ததை அவன் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்கு மாற்றியதும் வாசலிலிருந்து கொல்லை வரை வேலை செய்தது. அம்மாவிடம் ஓட்டை விழுந்த டிபன் பாக்ஸுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

கப்பலின் உடம்புக்குத் தென்னம்பாளை. அதற்குள் தெர்மாகோல் திணித்து, மெழுகை உருக்கி ஊற்றி ஓட்டைகளை அடைத்தது நான். பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டிய இரண்டு விசிறிகளை, காரிலிருந்து கழற்றி வைத்த மோட்டாரில் மாட்டினோம். கடைசியாக, அண்ணன் சிவப்புப் பெயிண்டில் அப்பா இருந்த கப்பலின் பெயரை எழுதினான். மறுநாள் காலையில் அந்தப் பெயர் இல்லை. விடிவதற்கு முன்பே அப்பா பிளேடால் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாளையில் கீறல் விழாமல், மிகவும் பக்குவமாகச் சுரண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பலைக் குளத்தில் விட்டோம். ஆற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்திருந்தது. கூப்பிடாமலே அப்பாவும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கப்பல் போயிற்று, திரும்பிற்று, வந்தது. இரண்டாவது முறையும் வந்தது. மூன்றாவது முறை அண்ணன் ஆசைப்பட்டு நடுக்குளத்தைத் தாண்டி ஓட்டினான். அங்கே போய் அது நின்றுவிட்டது.

சுவிட்சுகளை மாற்றி மாற்றி அழுத்தியும் அசையவில்லை. அண்ணன் சட்டையைக் கழற்றினான். அப்பா எழுந்து அவன் கையைப் பிடித்தார்.

"எறங்காத. நடுவுல கொடி கெடக்கு, கால்ல மாட்டிக்கும்."

அந்தப் பக்கமாக வந்த மாமா பைக்கை நிறுத்தி, "விடுங்க மச்சான், பாளைக்கா பஞ்சம்? வேற ஒன்னு செஞ்சுக்குவாங்க" என்றார்.

"அது ஒன்னும் முழுவலயே. நிக்கிதுல்ல" என்றார் அப்பா.

வெயில் ஏறியதும் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் வரவில்லை. நான் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதே படியில் இருந்தார். சோப்பு டப்பா அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ஏரியலைக் கப்பல் பக்கம் நீட்டி சுவிட்சை அழுத்துவார், பார்ப்பார், வைத்துவிடுவார். குளிக்க வந்த பெண்கள் வேறு படித்துறைக்குப் போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததில் எனக்கு உயிர் போயிற்று. "சாப்புட வீட்டுக்கு வாங்கப்பா" என்று அழாத குறையாகக் கூப்பிட்டேன்.

"நீ வச்சிட்டுப் போம்மா. நான் இங்க இருக்கேன்."

மூன்று மணிக்கு மேல் அம்மா போனாள். கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அண்ணனும் எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் கடல் பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. கப்பல் லேசாகத் திரும்பி, மேற்குக் கரையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாகவே சுற்றி நடந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, அது தானாக வந்து கைக்கு எட்டும் வரை நின்று, இரண்டு கைகளாலும் தூக்கினார்.

வீட்டு வாசலில் அதைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, தன் துண்டாலேயே துடைத்தார். அண்ணன் குனிந்து பார்த்து, விசிறிகளில் சுற்றியிருந்த பாசியை இழுத்து எடுத்தான்.

"இதான்ப்பா. ரிமோட்டுல கோளாறு இல்ல."

"அப்ப நாம இங்கேருந்து அழுத்துனது அங்க போயிருக்குமா?"

"சிக்னல் போயிருக்கும்ப்பா. பாசியால அதுக்கு அசைய முடியல, அவ்வளவுதான்."

அப்பா பாசியை அவனிடமிருந்து கையில் வாங்கிக்கொண்டார். அம்மா நிலைப்படியில் நின்றாள். அவர் அண்ணனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து மறுபடியும் கேட்டார்.

"போயிருக்கும்ல?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரே கேள்வியை ஏன் இரண்டு தடவை கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்று மாமா ஒரு முறை சொல்லியிருந்தார். அதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் போய், தெருவுக்கே கேட்கும்படிக் கத்தினேன்: "எல்லாம் போயிருக்கும்ப்பா."