பயந்தாங்கொள்ளித் திருகு

வெர்னா பொல்லார்ட் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வாள், அதுவும் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கத்தரியால். பார்த்தாலே தெரியும். ஐம்பதைத் தாண்டியவள். வில்காராவைச் சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் தபாலும் சாமானும் கொண்டுபோவது அவள்தான். மேற்குக் குயின்ஸ்லாந்தில் அவள் வண்டி போகாத பண்ணை இல்லை, அவளிடம் திட்டு வாங்காத நாயும் இல்லை.

அவளுடையது நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். தொழிற்சாலையிலேயே டிஃப் லாக் போட்டு வந்த வண்டி. எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது அந்த மாதிரிதான். மணலில் ஒரு சக்கரம் வழுக்கினால் என்ஜினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாகும். பக்கத்துச் சக்கரம் வேடிக்கை பார்க்கும். டேஷ்போர்டில் இருக்கும் திருகைத் திருப்பினால் இரண்டும் பூட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் எங்கள் ஊர் வீரர்கள் அதற்குப் பயந்தாங்கொள்ளித் திருகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைத் தொட்டவன் வெள்ளிக்கிழமை என் மதுக்கடைக்கு வந்து ஒப்புக்கொண்டு, எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். முட்டாள்தனமான வழக்கம்தான். ஆனால் கடைக்காரன் நான், எனக்கென்ன நஷ்டம்?

வெர்னா மணலைக் கண்டாலே திருகிவிடுவாள். மணல் இல்லாத வாரத்தில்கூட மண் பாதையில் ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். பீரும் வாங்கித் தர மாட்டாள்.

"என்ன வெர்னா, இந்த வாரம் எத்தன தடவ பயந்த?" என்று சீண்டுவான் ரெக்ஸ் பர்டெல். ஆற்றுக்கு அக்கரையில் பெரிய பண்ணை வைத்திருப்பவன். வண்டி வாங்கிய நாள் முதல் திருகைத் தொட்டதில்லை என்று மார் தட்டுவான்.

"அத எண்ணலப்பா. உன்னத் தள்ளிவிட எத்தன பேரு வந்தாங்கன்னுதான் எண்ணிட்டிருந்தேன்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கொளுத்துகிற வெயிலில், ரெக்ஸின் போர்வெல் பம்ப் உடைந்தது. தொட்டி காய்ந்துவிட்டது. நாளைக்குள் தண்ணீர் வராவிட்டால் மந்தையே செத்து விழும். புதுப் பம்ப் லாரியில் வந்து இறங்கியதும், தூக்க ஆள் வேண்டும் என்று ரெக்ஸ் என்னை இழுத்தான். நிறைமாதமாக இருந்த என் மனைவி மார்னியிடம் கடையை விட்டுவிட்டு அவன் பிக்கப்பில் ஏறினேன்.

எங்கள் ஆறு மழை பெய்தால்தான் ஆறு. மற்ற நாளெல்லாம் பொடிமணல். ரெக்ஸ் டயரில் காற்றை இறக்கினான், லோ கியர் போட்டான், இறங்கினான். பாதி ஆற்றில் வண்டி நின்றது.

"திருகுடா," என்றேன்.

"சும்மா இரு. ஏறிடும்."

மறுபடி ஆக்சிலேட்டரை அழுத்தினான். மணல் பறந்தது. ஆக்சில் தரையில் உட்கார்ந்தது. மண்வெட்டியால் அள்ள அள்ள, மணல் சரிந்து வந்து குழியை மூடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உன் மானத்தையா மாடு குடிக்கும்? திருகித் தொலை!"

திருகினான். லாக் விழுந்தால் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு நிலையாக எரிய வேண்டும். அதுவோ கண்ணடித்தது. முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தோம். கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ரெக்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "செத்துப்போயிடும்," என்றான். மாடுகளைத்தான் சொன்னான்.

அன்று தபால் நாளாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெர்னா கரையில் வந்து நின்றாள்.

"லாக் விழல வெர்னா!" என்று கத்தினேன்.

"எப்படி விழும்? வருஷக்கணக்கா தொறக்காத தாழ்ப்பாள் அவசரத்துக்குத் தொறக்குமா? ஆக்சில்ல இருக்குற குட்டி மோட்டார் துருப்பிடிச்சு உக்காந்திருக்கும்."

கரையிலேயே தன் திருகைத் திருப்பி, வண்டியைக் கொஞ்சம் உருட்டி, விளக்கு நிலைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நிதானமாக இறங்கி எங்கள் பக்கத்தில் நிறுத்தினாள். மூச்சு முட்டப் பம்பைத் தூக்கி அவள் வண்டியில் ஏற்றினோம். ரெக்ஸ் மடியில் தபால் பையை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான்.

"இடது பக்கம் ஒடிச்சா மேடு கம்மி," என்றான்.

"லாக் போட்டா வண்டி நேராத்தான் போகும். என்ன மாதிரி. நீ பையப் பிடி."

நின்ற மணலிலிருந்தே வண்டி கிளம்பியது. நேராகப் போய்க் கரையேறியது. கெட்டித் தரை வந்ததும் திருகைத் திருப்பி லாக்கை எடுத்தாள். "இங்கயும் பூட்டி வெச்சு வளைச்சா எதையாவது ஒடச்சுக்கணும்," என்றாள்.

மாலைக்குள் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. மாடுகள் முட்டி மோதின. ரெக்ஸ் அவற்றுக்கு நடுவே புகுந்து தொட்டியில் தலையை முக்கினான். நன்றி சொல்லவில்லை, அவன் பரம்பரைக்கே அந்தப் பழக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை அவனே எழுந்து நின்றான். "தொட்டேன். எல்லாருக்கும் ஊத்து."

"லாக்குதான் விழலையே, அது கணக்குல வருமா?" என்று ஒருவன் இழுத்தான். கடை சிரிப்பில் அதிர்ந்தது.

"இருங்க," என்றாள் வெர்னா. "எல்லாரும் வெளிய போய் அவங்கவங்க வண்டியில திருகிட்டு வாங்க. எவன் வண்டி கண்ணடிக்குதோ, அவனும் வாங்கித் தரட்டும்."

கேலியாகத்தான் போனார்கள். கடைக்குப் பின்னால் புழுதியில் பிக்கப்புகள் முன்னும் பின்னும் உருண்டன. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் அடங்கியது. ரெக்ஸ் தனி ஆள் இல்லை.

என் வண்டியும் கண்ணடித்தது. நிமிர்ந்தேன். மார்னி வயிற்றில் கை வைத்தபடி ஜன்னலோரம் நின்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.

"பீர் எங்கயும் போயிடாது," என்றாள்.

அன்று எல்லோருக்கும் பீர் ஊற்றியது வெர்னாதான். நான் ஸ்பேனரோடு என் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.