பல்லாவரம் சந்தையில் வாங்கிய நிறுத்தங்கள்

வாசகரே, நீங்கள் சாட்சியாக இருங்கள். தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. நடந்ததை நான் ஒளிக்காமல் சொல்லுகிறேனா என்று கவனித்தால் போதும். பேச்சுப் போட்டிகளில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன் என்பது அந்தப் பெயர். சொற்களை அடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் கல்லூரியிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். சொல்லாமல் நிற்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்று பிறர் சொன்னார்கள். பிறர் சொல்லாத நாட்களில் நானே சொன்னேன். அந்த நிறுத்தங்கள் எனக்கு எங்கிருந்து வந்தன என்பதே இங்கே வழக்கு.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. நான் தாம்பரத்தில் பட்ட வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் மின்சார ரயிலேறிப் பல்லாவரம் சந்தைக்குப் போவேன். மாட்டுக் கயிறு, துருப்பிடித்த குழாய், கால் ஒடிந்த நாற்காலி ஆகியவற்றுக்கு நடுவே ஒருவர் கோணியை விரித்துப் பழைய புத்தகங்களைக் குவித்திருப்பார். புத்தகங்களைவிட அவற்றுக்குள் கிடப்பவற்றின் மீதே எனக்கு ஆசை அதிகம். ஓர் இயற்பியல் நூலில், மொட்டையடித்த குழந்தையின் முடியை மஞ்சள் நூலால் கட்டி வைத்திருந்தார்கள். வேறொன்றில் ஒரு கல்யாண அழைப்பிதழ், அதன் பின்புறத்தில் பெண்ணின் கையெழுத்தில், "மாப்பிள்ளையைப் பார்த்தேன். பரவாயில்லை" என்று எழுதியிருந்தது. மயிலிறகுகளை நான் சேர்ப்பதில்லை. அவை எல்லாப் புத்தகத்திலும் இருந்தன. மற்றவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். பேச்சுக்கு உவமை அகப்படாத நாளில் டப்பாவைத் திறப்பேன். அவற்றுக்கெல்லாம் உடையவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று நான் எண்ணியதே இல்லை.

தாம்பரத்தை விட்டால் அடுத்த நிலையம் சானடோரியம். காசநோய் மருத்துவமனையின் பெயரே ஊருக்கும் நிலையத்துக்கும் ஆகியிருந்தது. ரயில் அங்கே நிற்கும்போது சிலர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோவார்கள். நானும் அவ்வாறே செய்தேன். அது குறித்து அப்போது எனக்குக் கருத்து எதுவும் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை. தலைப்புப் பக்கமும் போயிருந்தது. கட்டுரைத் தொகுப்பு, முதற்கட்டுரை ஆற்றைப் பற்றியது. அதன் முதற்பக்கம் முழுவதும், சொற்களுக்கு இடையே, பென்சிலால் சாய்கோடுகள் போடப்பட்டிருந்தன. இரண்டு சொல்லுக்கு ஒரு கோடு, சில இடங்களில் ஒரு சொல்லுக்கே ஒரு கோடு. நான் அதைப் புரட்டிக்கொண்டே நிற்பதைக் கடைக்காரர் பார்த்தார்.

"இன்னா சார், கோடு போட்டுக்கீதேன்னு பாக்கறியா? படிச்சவன் புக்குல கோடு இருக்கும் சார். படிக்காதவன் புக்குதான் புச்சாக் கீது, அதோ பார்."

அவர் காட்டிய புத்தகம் உண்மையிலேயே புதிதாக இருந்தது. நான் கோடு போட்டதை வாங்கினேன்.

ரயிலில் பிரித்தபோது இரண்டு பொருள்கள் மடியில் விழுந்தன. ஒன்று, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தருகிற ஓலையை மடித்துச் செய்த சிறு சிலுவை. மற்றொன்று, நீளவாக்கில் கிழித்த ஒரு காகிதச் சீட்டு. அதில் 'காலை', 'மாலை' என்று இரண்டு பத்திகள். அவற்றின் கீழே எண்கள். 101.2, 101.6 என்று தொடங்கி, 100, 99.8 என்று இறங்கி, கடைசியில் 98.4 என்று பல முறை எழுதப்பட்டிருந்தது.

வேறு யார் கையில் அந்தச் சீட்டு அகப்பட்டிருந்தாலும் அது என்னவென்று உடனே விளங்கியிருக்கும். மேடைக்குப் பழகியவனுக்கோ எண் என்றால் ஒன்று மதிப்பெண், அல்லது நேரம். நூறுக்கு மேல் எந்த நடுவரும் கொடுப்பதில்லை. ஆகவே இது நேரம் என்று முடிவு செய்தேன். கோடுகள் நிறுத்தங்கள், எண்கள் வினாடிகள். யாரோ ஒரு பெரும் பேச்சாளர் இந்தப் பக்கத்தைக் காலையும் மாலையும் உரக்கப் படித்து, விளையாட்டு ஆசிரியர்கள் வைத்திருக்கும் கடிகாரத்தால் புள்ளிக் கணக்கில் அளந்து, நூற்றொரு வினாடியிலிருந்து தொண்ணூற்றெட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய பயிற்சி முறை அப்படியே என் கையில் இருந்தது.

மறுநாளே சேலையூர் ஏரிக்கரையில் தொடங்கினேன். விடுதி நண்பன் ஒருவன் தன் அண்ணனின் கைக்கடிகாரத்தோடு வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டான். அத்தனை கோடுகளிலும் நின்று, அப்படியும் தொண்ணூற்றெட்டு வினாடிக்குள் முடிப்பது எளிதாக இல்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் பாய வேண்டியிருந்தது.

"நூத்தி நாலு. தோத்துட்டே மச்சான்" என்றான் அவன்.

"யார்கிட்ட?"

"அது எனக்கு இன்னா தெரியும்? இருக்கானோ செத்தானோ, அவன்கிட்ட."

அவன் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். மூன்று வாரத்தில் தொண்ணூற்றெட்டைத் தொட்டேன். அதற்குள் பாய்வதும் சட்டென்று நிற்பதுமாக ஒரு நடை எனக்குப் படிந்துவிட்டது. எதைப் பேசினாலும் அந்த நடையிலேயே பேசினேன்.

புத்தகத்தின் பிற்பகுதி என்னை ஏமாற்றியது. பக்கங்கள் செல்லச் செல்லக் கோடுகள் குறைந்தன. வரிக்கு ஒன்று, பிறகு வாக்கியத்துக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. முன்னவர் சோம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் விட்ட வேலையை நான் முடித்து வைப்பதே முறை என்று தோன்றியது. சிவப்பு மையை எடுத்து, கடைசிப் பக்கம் முழுவதும் என் கோடுகளைப் போட்டேன். மலிவான தாள், மை மறுபுறம் வரை ஊறியது.

அந்த ஆண்டு, வட்டாரப் பேச்சுப் போட்டி தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியின் மண்டபத்தில் நடந்தது. கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் கலந்துகொண்டன. 'மனிதனை உயர்த்துவது வாய்ப்பா, முயற்சியா' என்பது தலைப்பு. நான் முயற்சியின் பக்கம். ஆற்றைப் பற்றிய அந்தப் பக்கத்தை மேற்கோள் என்று அறிவித்து, முழுவதையும் சொல்லித் தொடங்கினேன். ஒவ்வொரு கோட்டிலும் நின்றேன். மண்டபத்தில் மின்விசிறிகளின் ஓசை மட்டும் கேட்டது.

முடிவை அறிவித்த நடுவர் எனக்கே முதற்பரிசு என்றார். என் நடை அருவியாக விழுந்து பாறையாக நின்றது என்றார். பிறகு மேடையிலிருந்தபடியே, "இந்த நிறுத்தங்களை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டார்.

"எவரிடமும் இல்லை ஐயா. நானே பழகிக்கொண்டவை" என்றேன்.

வாசகரே, இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். முந்நூறு பேர் கேட்க நான் சொன்னது இதுதான். பரிசளிப்புக்கு முன் தேநீர் இடைவேளை விட்டார்கள். பரிசு வாங்கிய பின் நான் ஏற்புரை வழங்க வேண்டும். அதில் நிறுத்தக் கலை பற்றிச் சில குறிப்புகளை இளையவர்களுக்குச் சொல்லும்படி நடுவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் நான் தேநீரோடு நின்றபோது ஓர் ஆசிரியை வந்தார். இரண்டாம் பரிசு பெற்ற பெண்கள் பள்ளியின் மாணவிகளை அழைத்து வந்தவர். முப்பது வயதுக்குள் இருப்பார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? எட்டாவது வரியில 'ஆயினும்'னு சொல்லிட்டு நின்னீங்களே. அங்க எதுக்கு நின்னீங்க?"

"அழுத்தத்துக்காக, டீச்சர்."

"'ஆயினும்' ஆரம்பிக்கிற சொல்லு. ஆரம்பிச்சவுடனே யாராவது நிப்பாங்களா?"

"நிப்பாங்க. அது ஒரு உத்தி."

"உத்தியெல்லாம் இல்ல" என்றார் அவர். "அங்க எனக்கு இருமல் வந்துச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். சானடோரியத்தில் பதினோரு மாதம் படுத்திருந்திருக்கிறார். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் தொடர்ந்து பேச முடியாவிட்டால் வேலைக்குத் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால், காய்ச்சல் இறங்கிய நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை மெல்லிய குரலில் படித்துப் பார்த்து, மூச்சு முட்டி நின்ற இடத்திலெல்லாம் கோடு போட்டிருக்கிறார்.

"உள்ள ஒரு சீட்டு இருந்துச்சே?"

"காலை, மாலைன்னு போட்டது. நேரம்."

"எந்த நேரம்?"

"அந்தப் பக்கத்தைப் படிக்கிற நேரம். வினாடி."

"காய்ச்சல் தம்பி அது. நர்ஸம்மா தெர்மாமீட்டரைப் பாத்துச் சொல்லுவாங்க, நான் எழுதிக்குவேன்."

"நான் தொண்ணூத்தெட்டுக்குள்ள முடிக்கணும்னு மூணு வாரம் பழகினேன்."

சிரிப்பை அடக்குவதற்காக அவர் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு வந்தா நாங்க வார்டுல எல்லாருக்கும் பிஸ்கட் குடுப்போம். நீங்க அதுக்கும் கீழே போனீங்களா? அதுவும் நல்லதில்லையே."

நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அந்த வயதில் என்னால் முடியாத காரியங்களில் அதுவும் ஒன்று.

புத்தகம் அவரை விட்டுப் போன கதையையும் சொன்னார். அவர் வீடு திரும்பியதும் அண்ணன் துணிகளையும் பாத்திரங்களையும் கொதிக்கவைத்தாராம். புத்தகத்தைக் கொதிக்கவைக்க முடியாது என்று சந்தைக்கு அனுப்பிவிட்டாராம். "எனக்கு அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒருதரம் பாக்கணும்" என்றார்.

என் பையில் புத்தகம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது என்பதையும் சாட்சியாகிய உங்களிடம் பதிவு செய்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தச் செவப்புக் கோடெல்லாம் யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"கோடே இல்லாம இருந்துச்சு, டீச்சர்."

"அதுக்குத்தானே பதினோரு மாசம் அங்க கெடந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. புடவையில் மை கொட்டிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடி என்னிடமே தந்தார். மாணவிகள் இருவர் எங்களைத் தேடி வருவதைப் பார்த்ததும் அவசரமாக ஒன்று சொன்னார்: "என் பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டிருந்தேன். தெரிஞ்சா, நாளைக்கே பொண்ணுங்களை என் வகுப்புல இருந்து மாத்திடுவாங்க. நீங்க பேச்சாளர். மைக்கைப் பாத்தா வாய் நிக்காது. அதனாலதான் சொல்றேன்."

மணி அடித்தது. மேடைக்குப் போகும் பத்துப் படிகளிலும் நான் யோசித்தது ஒன்றே. நிறுத்தங்கள் என்னுடையவை என்று சொன்ன பொய்யைத் திரும்பப் பெற வேண்டும். அதைத் திரும்பப் பெறும் வாக்கியத்தில் அவர் இருக்கக் கூடாது. உண்மை முழுவதையும் சொன்னால் அவர் வேலை போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் பொய் என் பெயரில் நிலைக்கும். எந்தப் போட்டியிலும் இவ்வளவு குறுகலான தலைப்பு எனக்குத் தரப்பட்டதில்லை.

கோப்பையை வாங்கிக்கொண்டு மைக்கின் முன் நின்றேன். "சற்றுமுன் நடுவர் அவர்களிடம் நான் சொன்னது பொய். இந்த நிறுத்தங்கள் என்னுடையவை அல்ல. பழைய புத்தகம் ஒன்றில் முன்பு படித்தவர் போட்டிருந்த பென்சில் கோடுகள் அவை. அவற்றின் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்தேன்" என்றேன். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கடைசி வரிசையில் என் நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நடுவர் பெருந்தன்மையோடு, "அப்படியானால் அந்த முன்னவர் மிகப்பெரிய பேச்சாளராக இருந்திருக்க வேண்டும்" என்றார்.

"இருக்க வேண்டும் ஐயா. அவர் யார் என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை."

அது உண்மை, புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. நிறுத்தக் கலை பற்றிக் குறிப்பு எதுவும் சொல்லாமல் இறங்கினேன். இதற்காகக் கோப்பையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால், அடுத்த வாரம் முதல் பயிற்சிக்கு என்னிடம் வருவதாக இருந்த இளையவர்கள் வரவில்லை.

கூட்டம் கலைந்தபின், பள்ளி வாசலில் அந்த ஆசிரியை மாணவிகளை வரிசையாக நிறுத்திப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நான் அருகே போனதும் மாணவிகள் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள்.

"மிகப்பெரிய பேச்சாளராமே" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"யாரு டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

"யாரோ. புத்தகத்துல பேர் இல்லையாம்."

பஸ் வந்துவிட்டது. அவர் மாணவிகளை எண்ணி ஏற்றிவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்தார். பிஸ்கட் டப்பாவில் கிடந்த ஓலைச் சிலுவை அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மாணவிகளுக்குக் கேட்காதபடி, மேடைக் குரலில் அல்லாமல், என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்: "டீச்சர், அந்தப் புத்தகத்துல ஒரு ஓலைச் சிலுவையும் ஒரு சீட்டும் இருந்துச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கொண்டுவந்து குடுத்துடறேன். கடைசிப் பக்கத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வரேன். நான் போட்ட கோடு ஒண்ணுலயும் நிக்க மாட்டேன்."