கும்பத்தடியில் வைத்த பிஸ்டல்

வுப்பர்டாலில் எல்லாருடைய புருசன்மாரும் வார முடிவில் சீட்டு விளையாடினார்கள். என்னுடையவர் மட்டும் ஜெர்மன்காரரின் துப்பாக்கி சுடும் கழகத்தில் போய்ச் சேர்ந்தார். சோதனை எழுதினார், அனுமதி எடுத்தார், பிஸ்டலும் வாங்கினார். அதைப் பூட்டி வைக்க நிலவறையில் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் என் அண்ணனை எங்கள் கேற்றடியில் வைத்துப் பிஸ்டலால்தான் சுட்டார்கள். அது தெரிந்தும் அந்தச் சாமானை நான் இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவந்தார். கேட்டால், "அது விளையாட்டுச் சாமானப்பா" என்பார். விளையாட்டாம்!

2009ஆம் ஆண்டு நவராத்திரியில், கடைசி மூன்று நாள் சரஸ்வதி பூசை தொடங்கிய அன்று, என் சாப்பாட்டு மேசையிலேயே பிஸ்டலைக் கழற்றினார். குழாய்க்குக் கீழே சுருள்வில் ஓடுவதற்கு ஒரு கம்பி உண்டு. கம்பனி போட்டிருந்தது பிளாஸ்டிக். அதை எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பி போடப் போகிறாராம்.

"பாரம் கூடினால் சுடேக்கை முன்பக்கம் தூக்காது" என்றார். நான் கேட்டேனா?

சுருள்வில் கையை விட்டுத் துள்ளி, வடைக்கு ஊறப்போட்ட என் உளுந்துக்குள் விழுந்தது. அவ்வளவு உளுந்தையும் குப்பையில் கொட்டினேன். மனிசன் திரும்பியும் பார்க்கவில்லை. வில்லைக் கழுவித் துடைத்து, புதுக் கம்பியில் கோத்துப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். முகமெல்லாம் பல். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

பிறகு குளித்துவிட்டு வந்து, சாமி அறையில் கும்பத்தடியில் அதை வைத்துச் சந்தனப் பொட்டும் வைத்தார்.

"உங்களுக்கென்ன விசரா? கொண்டுபோய்ப் பெட்டியிலை வையுங்கோ."

"ஆயுதத்தை வைக்காமல் அகப்பையையே வைக்கிறது? படைச்சதை இனித் தொடக்கூடாது. விசயதசமியண்டுதான் எடுப்பன்."

அடுத்த நாள் அவர் விடிய வேலைக்குப் போய்விட்டார். பகல் முழுக்க நானும் அதுவும் தனியே. விளக்குக்கு எண்ணெய் விடப் போனபோது அதையே பார்த்துக்கொண்டு பாதியை நிலத்தில் ஊற்றிவிட்டேன். அந்த மனிசனை நான் அன்றைக்கு வெறுத்தது போல ஒருவரையும் வெறுத்ததில்லை.

அவர் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஆயுத அனுமதி அலுவலகத்தில் இருந்து ஒரு பெண். சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்கு வந்து பார்க்கலாம் என்று அந்த வருசம்தான் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். நிலவறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் வெறும் பெட்டி.

"கம்பி மாற்றக் கடையில் கொடுத்திருக்கிறேன்" என்று ஜெர்மனில் புளுகினார். கடைக்காரர் தந்த பற்றுத்துண்டு எங்கே என்று அவள் கேட்டாள். இவர் சட்டைப் பையைத் தடவினார். அவள் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றாள்.

"இஞ்சரும், ஓம் எண்டு மட்டும் சொல்லும். இல்லாட்டி என்ரை அனுமதி போயிடும்" என்று தமிழில் கெஞ்சினார்.

நான் அவளை மேலே கூட்டிக்கொண்டு போய்ச் சாமி அறைத் திரையை இழுத்துவிட்டேன். கும்பம், தேங்காய், செவ்வரத்தம்பூ, நடுவில் பொட்டு வைத்த பிஸ்டல். அவள் கையுறை போட்டு எடுத்தாள். பத்திரம் எழுதி இவரிடம் கையெழுத்து வாங்கினாள். அனுமதியும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"காட்டிக் குடுத்திட்டாய். நீ ஒரு துரோகி."

அண்ணனைச் சுட்டவர்கள் அந்தச் சொல்லை மட்டையில் எழுதி அவரின் கழுத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இவருக்கு அது தெரியும்.

"ஓம், துரோகிதான். துரோகியைச் சுடுறதுதானே எங்கடை ஆக்களின்ரை வழக்கம்? சுடுங்கோ."

அவருடைய கை வெறுமையாக இருந்தது. அதற்குத்தான் திரையை இழுத்தேன்.