சக்கரபாணி நன்றாகப் பதில் சொன்ன நாள்

ஆதிலட்சுமி எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தது 1976ஆம் வருஷம் ஆடி மாதத்தில். திருவண்ணாமலையில் வக்கீல் அப்பாசாமியிடம் நான் அப்போது குமாஸ்தா. அவளுக்கு முப்பது வயதிருக்கும். கூடவே புருஷனையும் அழைத்து வந்திருந்தாள். அவர் வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, நல்ல உடம்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடிபட்டது அவளுக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடிபட்டது அவருக்குத்தான். பெயர் சக்கரபாணி. கல்யாணச் சமையல்காரர். மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியை முந்திக்கொண்டு வந்த தனியார் பஸ் ஒன்று பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. கை கால் ஒன்றும் ஒடியவில்லை. மண்டை மட்டும் மைல்கல்லில் மோதியது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார்.

"பொழைச்சுட்டாருன்னு ஊரே சொல்லுதுங்க. வூட்ல என்னா நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள் ஆதிலட்சுமி.

அவருக்கு வாசனை தெரிவதில்லை. சோறு அடிப்பிடித்துக் கருகும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "இன்னிக்கு எனக்குச் சோறு கிடையாதா?" என்று கேட்பார். உடம்பு தேறியதும் தெரிந்தவர்கள் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். பந்தியில் ஜனங்கள் வந்து உட்கார்ந்த பிறகும் அடுப்பு பற்றவைக்கவில்லை. நறுக்கிய கத்தரிக்காயையே எடுத்து எடுத்து மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒன்பது வயது மகள் சரசு மேல் ஒரு நாள் கொதிக்கும் குழம்புக் கரண்டியை வீசிவிட்டார். ஏன் வீசினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பொண்ணு நைனான்னு கூப்புடவே பயப்படுதுங்க. எங்க அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டேன்."

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. வக்கீல் உடனே என்னை எழுதச் சொன்னார். மனநிலை சரியில்லாதவர் என்று காட்டி, அவருக்குப் பதிலாக மனைவி கார்டியனாக இருந்து போடும் மனு. நான் வாசித்துக் காட்டியதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வேணாங்க. பைத்தியம்னு எழுதாதீங்க."

"பைத்தியம்னு எழுதலம்மா. கோர்ட்டு பாஷை அது."

"கோர்ட்டு பாஷை எங்க தெருவுக்கு வர எத்தினி நாளாவும்? பைத்தியக்காரன் பொண்ணுன்னு சொன்னா நாளைக்கு அதை யாருங்க கட்டிக்குவான்?"

வக்கீல் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர் பெயரிலேயே போட்டால் அவரே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிவரும் என்றார். "ஏறட்டுங்க. பாத்தாலே ஜட்ஜுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் ஆதிலட்சுமி. மனுதாரர் சக்கரபாணி என்றே எழுதினேன். அவர் அழகாகக் கையெழுத்துப் போட்டார். கேட்டது ஐம்பதாயிரம்.

வேலூர் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. மூன்று வருஷம் ஓடியது. அவள் கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டல் விற்றாள், மற்ற நாட்களில் மண்டியில் கடலை உடைத்தாள். புருஷனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. பூட்டிய கதவை அவர் உள்ளேயிருந்து தட்டும் சத்தத்துக்கு அந்தத் தெருவே பழகிப்போயிருந்தது.

1979இல் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்: "முகம் வழிக்க வேணாம், இருக்கிற அழுக்கு வேட்டியோடவே கூட்டிட்டு வாம்மா." மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சக்கரபாணி மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். மழுங்க வழித்த முகம், சலவை வேட்டி, நெற்றியில் விபூதி.

"என்னம்மா இது?"

"நாலு பேர் இருக்கிற சபைக்கு அவரை எப்படிங்க பிச்சைக்காரன் மாதிரி கூட்டிட்டு வருவேன்? மனசு வரலீங்க."

எங்கள் வக்கீல் கேட்ட கேள்விகளுக்கு அவர் அரைகுறையாகப் பதில் சொன்னார். விபத்து நினைவில்லை என்றார். மகள் வயதைத் தப்பாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு பஸ்ஸின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வந்த வக்கீல் எழுந்தார். வயதானவர், சாதுவான குரல்.

"நீங்க பெரிய சமையல்காரராமே. முந்நூறு பேருக்குச் சாம்பார் வெக்கணும்னா பருப்பு எவ்வளவு போடுவீங்க?"

சக்கரபாணி நிமிர்ந்தார்.

"கல்யாணத்துக்கா, கருமாதிக்காங்க?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜும் புன்னகைத்தார்.

"கல்யாணத்துக்கே வெச்சுக்குங்க."

"எட்டு படி பருப்பு, ரெண்டு கிலோ புளி. கருமாதின்னா பருப்பு ஏழு படி போதும், அன்னிக்கு ரசமும் மோரும் ஜாஸ்தி ஓடும். முருங்கைக்காய் போடுறதா இருந்தா கடைசியிலதான் போடணும், இல்லாட்டி நாரா பூடும். பருப்பு வேகறப்போ ஒரு கரண்டி வெளக்கெண்ணெய் வுடுவேன்."

கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். லட்டுக்குப் பாகு எப்படி வர வேண்டும், எத்தனை அடுப்பு வெட்ட வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், எல்லாம். ஒரு சொல் தடுமாறவில்லை.

நான் ஆதிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வருஷம் கழித்துப் பழைய புருஷனை அந்தக் கூண்டில் பார்த்துவிட்டாள். கேஸ் போய்விட்டது என்று அவளுக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சக்கரபாணி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"லட்சுமி, யார் வூட்டுக் கல்யாணம் இது? அடுப்பு எங்க போட்டிருக்காங்க?"

அவள் முகம் அப்படியே செத்துப்போனது. சற்றுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்த இன்சூரன்ஸ் வக்கீலிடம் ஓடி, அவர் கறுப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இப்ப வந்து கேளுங்கய்யா! நீங்க யாருன்னே அவருக்குத் தெரியல. உள்ள வெச்சு ஜட்ஜு ஐயா முன்னால இதைக் கேளுங்க!"

அவர் சக்கரபாணியைச் சற்று நேரம் பார்த்தார். அங்கியை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் உங்க வக்கீல் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

டாக்டரைக் கூண்டில் ஏற்றினால்தான் இனி கேஸ் நிற்கும். ஆதிலட்சுமி புருஷனை இழுத்துக்கொண்டு மெட்ராஸ் போனாள். வைத்தியம் பார்த்த டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவரை மூன்று நாள் வாசலில் கிடந்து பார்த்தாள். அவர் சக்கரபாணியைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே காபிப் பொடியைக் காட்டினார், கற்பூரத்தைக் காட்டினார். "ஒண்ணும் இல்லீங்களே" என்றார் இவர். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, பெயர் சொன்னதே நினைவில்லை. டாக்டர் இரண்டு பக்கம் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். ஆனால் வேலூருக்கு வந்து சாட்சி சொல்ல அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எழுதியவர் நேரில் வராத காகிதத்தை எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

1980இல் தீர்ப்பு வந்தது. வைத்தியச் செலவுக்கும் வலிக்கும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு. சம்பாதிக்கும் சக்தி போய்விட்டதாக நிரூபணம் ஆகவில்லை.

"முகத்தை வழிச்சு வுட்டேனே, நானே வழிச்சு வுட்டேனே" என்று எங்கள் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். முகம் வழித்ததால் தோற்கவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

வக்கீல் அப்பாசாமி தன் கைக்காசைப் போட்டு ஹைகோர்ட்டில் அப்பீல் போட வைத்தார். அங்கே ஐந்து வருஷம். இடையில் சத்துணவுத் திட்டம் வந்து, அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. சக்கரபாணியைப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பூட்டிவைக்கும் கொடுமை அதோடு நின்றது.

1984 கார்த்திகை தீபத்தன்று அவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவெங்கும் "அரோகரா!" என்று சத்தம். லட்சம் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளும் கும்பிட்டாள். கையைக் கீழே இறக்கித் துழாவியபோது பக்கத்தில் அவர் இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். கிரிவலப் பாதையில் இருந்த சாமியார், பிச்சைக்காரர் ஒருவரையும் விடாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் நடந்தாள். விழுப்புரம் ரயிலடி வரைக்கும் போய்த் தேடினாள்.

நான்கு மாதம் கழித்து ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. டாக்டரின் சர்ட்டிபிகேட்டை ஏற்றுக்கொண்டு, இருபத்திரண்டாயிரம் கொடுக்கச் சொன்னார்கள். பணம் வேலூர் கோர்ட்டில் கட்டப்பட்டு, சக்கரபாணி பெயரில் பேங்கில் போடப்பட்டது. அதை எடுக்க அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அவளை உட்கார வைத்துத்தான் அதைச் சொன்னேன்.

"நான் போட்டா ஆகாதுங்களா?"

"மனு அவர் பேர்ல இருக்கும்மா. அவர் இல்லைன்னு ஆனாத்தான் வாரிசுக்கு வரும். காணாமப் போனவங்களுக்கு ஏழு வருஷம் ஆவணும்."

"அன்னிக்கு நீங்க எழுதினபடியே வுட்டிருந்தா?"

அப்படி விட்டிருந்தால் பணம் அவள் கையெழுத்திலேயே வந்திருக்கும். அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துகொண்டாள்.

அவர் செத்துவிட்டதாகக் காகிதம் வாங்கித் தருகிறேன் என்று இடையில் ஒரு புரோக்கர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். சரசுவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் யோசித்திருக்கிறாள். கடைசியில் என்னிடம் வந்து, "அப்பால அவரு திரும்பி வந்து நின்னா, நான் என்னா பதில் சொல்றதுங்க?" என்று கேட்டாள். புரோக்கரை அனுப்பிவிட்டாள். சரசு கல்யாணம் கோயிலில் பத்துப் பேரோடு நடந்தது.

வட்டியை மட்டுமாவது மனைவிக்குக் கொடுக்கும்படி மனு போட்டு, 1987இல் உத்தரவு வாங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறுவாள். போகும்போதும் வரும்போதும் பஸ் எங்கே நின்றாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறவர்களைப் பார்ப்பாள். இரண்டு தடவை நான் கூடப் போயிருக்கிறேன். போளூரில் பஸ் கிளம்பிய பிறகும் அவள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. கண்டக்டர்தான் சத்தம் போட்டு உட்கார வைத்தார்.